தொலைநிலை மாணவருக்குப் பாடம் தயாரிப்பவர்கள் கவனத்துக்கு

தொலைநிலைக் கல்வியில் சேருகிறவர்களைப் பற்றிப் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் ஓர் இளக்காரம் உண்டு. கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள், பட்டத்துக்காகப் பணம் கட்டுகிறவர்கள், புத்தகத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் பிரிப்பார்கள் என்று பேசிக்கொள்வார்கள். வணிகவியல் தொலைநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சில ஆண்டுகளாக அதையே இணையவழிப் பாடமாகத் தயாரித்தும் வருகிறேன். எனக்குப் பழக்கமான மாணவர்களிடம் அந்த இளக்காரத்துக்கு இடமே இல்லை. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தில் தரம் பார்க்கிறவர், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுகிற காவலர், பேருந்து நடத்துநர், அங்கன்வாடிப் பணியாளர், திருமணத்தோடு படிப்பு நின்றுபோய்ப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு திரும்பி வந்தவர் என்று பலர். இவர்களில் யாருக்கும் படிப்பதற்கென்று தனியாக நேரம் கிடையாது. தூக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் பிடுங்கி எடுத்த நேரத்தில்தான் படிக்கிறார்கள்.

காணொளி எத்தனை நிமிடம் இருக்க வேண்டும், கோப்பு எத்தனை எம்பி இருக்கலாம், கேள்விக்கு எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த நேரம்தான். இந்த வேலையில் புதிதாக இறங்குகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொலைவில் இருப்பவருக்குப் படமும் ஒலியுமாகப் பாடம் அனுப்புவது புதிய சங்கதி இல்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் முதல் மாணவர்களோடு தொடங்கியபோதே அதன் பாடங்கள் பிபிசி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பாயின. இங்கே பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' நிகழ்ச்சி 1984 ஆகஸ்ட் 15 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. 2000-இல் ஞானதர்ஷன் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017-இல் ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயமும், கூடவே ஸ்வயம் பிரபாவின் 32 டிடிஎச் அலைவரிசைகளும் வந்தன. ஒளிபரப்புக் காலத்தில் சில கட்டாயங்கள் இருந்தன. நிகழ்ச்சி அரை மணி நேரச் சட்டத்துக்குள் அடங்க வேண்டும். பார்ப்பவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். புரியாத இடத்தில் நிறுத்திவைக்க முடியாது, எதிர்க்கேள்வி கேட்க முடியாது. இணையத்தில் இவற்றில் ஒன்றுகூடக் கட்டாயமில்லை. ஆனாலும் பெரும்பாலான இணையப் பாடங்கள் அந்தச் சட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கின்றன.

எங்களிடம் முதலில் வந்து சேர்ந்தவை வளாக வகுப்பறையில் பதிவான 50 நிமிட விரிவுரைகள். நல்ல ஆசிரியர்கள், நல்ல விளக்கம். ஆனால் தளத்தின் பதிவேட்டைத் திறந்து யார் எதுவரை பார்த்தார்கள் என்று பார்த்தபோது வேறொரு கதை தெரிந்தது. பாதி வழியைத் தாண்டியவர்கள் சொற்பம். நிறையப் பேர் தொடக்கத்தைத் தாண்டிக் குதித்து, நடுவில் ஓரிடத்தில் வந்து நின்று, அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். அந்த இடத்தை நானும் போட்டுப் பார்த்தேன். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டுகிற இடம் அது. மாணவர்களுக்கு வேண்டியது என்ன என்பதை அவர்கள் விரலாலேயே சொல்லியிருந்தார்கள்.

காணொளியின் நீளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 4 பாடங்களில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசிய ஆய்வு அது. 6 நிமிடத்துக்குள் முடிகிற காணொளிகளில்தான் மாணவர்கள் நிலைத்திருக்கிறார்கள் என்று அது கண்டது. அந்த 6 நிமிடத்தைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, இருக்கிற விரிவுரையைக் கத்தரித்துத் துண்டு போடுகிறார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள்: வகுப்பறை விரிவுரையைப் பிறகு வெட்டிச் சிறிதாக்கியவற்றைவிட, சிறிதாகவே திட்டமிட்டு எடுத்தவைதான் மாணவர்களைப் பிடித்து வைக்கின்றன. வெட்டிய துண்டில் 'போன வகுப்பில் பார்த்தோம்' என்ற பேச்சு இருக்கும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு சூத்திரம் பலகையின் மூலையில் இருக்கும். என்னைக் கேட்டால் நிமிடக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு காணொளியில் ஒரே ஒரு காரியம், அதைப் பார்த்து முடித்தவர் உடனே தானாகச் செய்து பார்க்க ஒரு கணக்கு. இந்த இரண்டும் இருந்தால் 4 நிமிடமும் சரி, 11 நிமிடமும் சரி.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று அளக்கிற திட்ட விலக்கம் என்ற ஒரு பகுதியை எப்படி மாற்றி எடுத்தோம் என்று விரிவாகச் சொன்னால் இது விளங்கும்.

முகம் காட்டிப் பேசுவதைத் தொடக்கத்தில் சில நொடிகளோடு நிறுத்திக்கொண்டோம். மேசைக்கு நேர் மேலே ஒரு தாங்கியில் கைபேசியைக் கவிழ்த்துப் பொருத்தி, கீழே வெள்ளைத்தாள் வைத்து, தடித்த கறுப்புப் பேனாவால் எழுதிக்கொண்டே பேசினோம். ஸ்டூடியோவில் எடுத்த பளபளப்பான ஸ்லைடு காணொளியைவிட இது மாணவர்களுக்குப் பிடித்துப்போனது. எழுத்து அவர்கள் கண்ணெதிரே உருவாகிறது, கை எங்கே தயங்குகிறது, எந்த எண்ணை எங்கிருந்து எடுத்துக்கொள்கிறது என்று தெரிகிறது. தாளில் 6 வரிகளுக்கு மேல் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். மடிக்கணினியில் அழகாகத் தெரிகிற 12 வரி அட்டவணை, பேருந்தில் ஆடிக்கொண்டே பார்க்கிற உள்ளங்கை அகலத் திரையில் எறும்பு வரிசைதான். எடுத்து முடித்த காணொளியைக் கைபேசியில், கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பார்த்து, எண்கள் படிக்க முடிந்தால்தான் ஏற்றுவோம்.

அடுத்தது எண்கள். பாடநூலில் 4, 6, 8, 10, 12 என்று ஒரு கணக்கு. சராசரி 8. விலக்கங்கள் −4, −2, 0, 2, 4. அவற்றின் வர்க்கங்கள் 16, 4, 0, 4, 16, கூட்டினால் 40. ஐந்தால் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி 8. அதன் வர்க்கமூலம் 2.83, அதுதான் திட்ட விலக்கம். கணக்கு சரி. ஆனால் சராசரியும் 8, விலக்க வர்க்கச் சராசரியும் 8 என்று வந்து நிற்கும்போது, தனியாக உட்கார்ந்து படிக்கிறவருக்கு எந்த 8 எங்கிருந்து வந்தது என்று குழம்பும். வகுப்பில் என்றால் முகத்தைப் பார்த்து ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். காணொளியில் அதற்கு வழியில்லை. எண்களை 5, 7, 9, 11, 13 என்று மாற்றினோம். சராசரி 9 ஆனது, மற்றதெல்லாம் அப்படியே. குழப்பம் போய்விட்டது. தொலைநிலைப் பாடத்தில் எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு, கேமரா தேர்ந்தெடுப்பதைவிட அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

வர்க்கங்களைக் கூட்டுகிற இடத்துக்கு வந்ததும், "இங்கே நிறுத்திவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு தொடருங்கள்" என்று சொல்லி, தாளை அப்படியே சில நொடி காட்டினோம். நிறுத்துகிறார்களா என்று பதிவேட்டில் பார்த்தோம். நிறுத்துகிறார்கள். சொன்னால் செய்கிறார்கள்.

காணொளிக்குக் கீழே ஒரு சிறு வினா. விடைகளாக 2.83, 40, 8, 0, 3.16 என்று ஐந்து எண்கள். இந்தத் தவறான விடைகள் சும்மா போட்டவை இல்லை. 40 என்று சொல்கிறவர் வகுக்க மறந்தவர். 8 என்கிறவர் வர்க்கமூலம் எடுக்காதவர். 0 என்கிறவர் வர்க்கப்படுத்தாமலே விலக்கங்களைக் கூட்டியவர். எதைத் தொட்டாலும் அந்தத் தவறுக்கு உரிய இரண்டு வரி விளக்கம் வரும். 'தவறு, மீண்டும் முயலுங்கள்' என்று மட்டும் காட்டுகிற வினாக்கள் இரவு பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவரை இன்னும் தனியாக்கிவிடும்.

3.16 என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கணக்கைச் சரியாகப் போட்டும் கால்குலேட்டரில் வேறு விடை வருகிறது என்று ஒரே வாரத்தில் நிறையப் பேர் எழுதினார்கள். "மேடம், புத்தகம் தப்பா, நான் தப்பா?" என்று குரல்பதிவில் கேட்டார் ஒரு தபால் ஊழியர். இரண்டும் தவறில்லை. கால்குலேட்டரில் இரண்டு வகைத் திட்ட விலக்கம் உண்டு. கையில் இருப்பது முழுத்தொகுதி என்றால் 5-ஆல் வகுப்பது ஒன்று, அதிலிருந்து எடுத்த ஒரு பகுதியான மாதிரி என்றால் ஒன்றைக் குறைத்து 4-ஆல் வகுப்பது இன்னொன்று. 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10, வர்க்கமூலம் 3.16. எக்செல்லில் வழக்கமான சூத்திரத்தைப் போட்டாலும் இந்த 3.16-தான் வரும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று கால்குலேட்டரையே கேமராவுக்குக் கீழே வைத்து 3 நிமிடத்தில் எடுத்த காணொளிதான் இன்றுவரை அந்தப் பாடத்தில் அதிகம் பார்க்கப்படுவது. பாடத்திட்டத்தில் அப்படி ஒரு தலைப்பே கிடையாது. மாணவர்கள் கேட்டதால் பிறந்தது.

ஒலியைப் பற்றி. படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். விலையுயர்ந்த கேமரா வாங்கக் காசு வந்தால் அதில் பாதியைக்கூட அதற்குச் செலவழிக்காதீர்கள், சட்டையில் குத்துகிற மைக் ஒன்று வாங்குங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், திரைச்சீலை போட்ட சிறிய அறையில் உட்காருங்கள், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். ஆடி மாதத்திலும் மார்கழியிலும் ஒலிபெருக்கி ஓய்ந்த நேரம் பார்த்துத்தான் பதிவு செய்ய முடியும். அந்த மாதங்களின் பதிவு அட்டவணையை முன்கூட்டியே மாற்றிவிடுவோம்.

கோப்பின் அளவு தனி விஷயம். 10 நிமிடக் காணொளி, நல்ல தெளிவில், நொடிக்கு 1.5 மெகாபிட் என்று ஏற்றினால் சுமார் 112 எம்பி. 480 வரித் தெளிவில் நொடிக்கு 500 கிலோபிட் என்றால் 37 எம்பி சொச்சம். வெள்ளைத்தாளும் கையும் மட்டும் தெரிகிற படத்தில் பெரும்பகுதி அசையாமல் இருப்பதால் அதையும் இன்னும் குறைக்கலாம், தெளிவு கெடாது. ஒலி மட்டும் 32 கிலோபிட்டில் வைத்தால் 2.4 எம்பிதான். இந்த மூன்றையும் ஒவ்வொரு பாடத்துக்கும் வைக்கிறோம், எது எத்தனை எம்பி என்று பக்கத்திலேயே எழுதியும் வைக்கிறோம்.

நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜ் வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்று எங்கள் கூட்டங்களிலேயே கேட்கிறார்கள். டேட்டா இருக்கிறது, உண்மைதான். ஆனால் கைபேசி யாருடையது? பல வீடுகளில் இருப்பது ஒன்றோ இரண்டோ. கணவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார், வந்ததும் பிள்ளைகள் கைக்குப் போய்விடும், அம்மாவின் முறை வரும்போது அன்றைய டேட்டாவில் மிச்சம் கொஞ்சம்தான். கைபேசியின் நினைவகம் குடும்பப் படங்களால் நிறைந்திருக்கும், 112 எம்பி இறங்க இடமிருக்காது. வால்பாறைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் ஒரு மாணவி, சிக்னல் கிடைக்கிற பேருந்து நிறுத்தத்துக்கு வந்து ஒலிக் கோப்புகளை மொத்தமாக இறக்கிக்கொண்டு போய், வாரம் முழுதும் சமைக்கும்போது கேட்கிறார். தேர்வில் அவர் வாங்கிய மதிப்பெண் வளாக மாணவர்கள் பலரைவிட அதிகம். புள்ளியியலை ஒலியில் மட்டும் கேட்டுப் படிக்க முடியுமா என்று எனக்கே ஐயம் இருந்தது. "இப்போது புத்தகத்தில் 43-ஆம் பக்க அட்டவணையைப் பாருங்கள்" என்று ஒலியையும் அச்சுப் புத்தகத்தையும் கோத்துவிட்டால் முடிகிறது. தபாலில் போகிற புத்தகத்தைப் பழைய காலத்துச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், ஓரத்தில் எழுதலாம். நல்ல இணையப் பாடம் அந்தப் புத்தகத்தின் மேல்தான் நிற்கும்.

தமிழ்வழிப் பாடங்களுக்கென்று ஒரு தலைவலி இருக்கிறது. பழைய பாடநூல்கள் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்தக் கோப்பை அப்படியே தளத்தில் ஒட்டினால் ரோமன் எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதை ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தித்தான் ஆக வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டுப் பலர் பக்கங்களை ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிடுகிறார்கள். படத்தில் தேட முடியாது, சிறிய திரைக்கு ஏற்ப எழுத்து மடங்காது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்வையற்ற மாணவருக்கு அது வெற்றுத்தாள். இன்று ஆண்ட்ராய்டு கைபேசியே, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் இருக்கிற தமிழை வாசித்துக் காட்டுகிறது. எங்களிடம் படிக்கிற பார்வையற்ற மாணவர்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு என்னைவிட வேகமாகப் பாடத்தைக் கடக்கிறார்கள். ஒரு நூலை யூனிகோடுக்கு மாற்ற ஒருமுறை படுகிற சிரமம், அவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பையே திறந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு இது கருணையின் பாற்பட்டதும் இல்லை, கடமை.

தானாக வருகிற தமிழ் வசனவரிகளையும் நம்பி விட்டுவிடாதீர்கள். 'திட்ட விலக்கம்' என்று நான் சொல்வதெல்லாம் 'திட்ட விளக்கம்' என்று விழுந்துகொண்டிருந்தது. பாடத்தின் மையச் சொல்லே தவறாக ஓடினால் அதைப் படித்து எழுதுகிறவர் தேர்வில் என்ன எழுதுவார்? இப்போது ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு வசனவரிக் கோப்பில் தேடித் திருத்திவிடுகிறோம். காதுகேளாத மாணவர்களுக்காகத் தொடங்கியது, பணியிடத்தில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள்தான் அதிகம் நன்றி சொன்னார்கள்.

வணிகவியல், சட்டம் போன்ற பாடங்களை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மாறக்கூடிய எதையும் காணொளிக்குள் பேசாதீர்கள். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த நாளில் மறைமுக வரி பற்றிய பழைய பாடங்களில் பெரும்பகுதி காலாவதியானது. வருமான வரி விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற முறையைக் காணொளியில் வைத்து, விகிதங்களைக் கீழே எழுத்தாக ஓர் அட்டவணையில் வையுங்கள். அட்டவணையைத் திருத்த ஒரு மணி நேரம் போதும். காணொளியை மீண்டும் எடுப்பதென்றால் ஸ்டூடியோ, ஒளிப்பதிவாளர், அனுமதி என்று ஒரு பருவமே போய்விடும். புள்ளியியலில் நான் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பயன்படுத்துகிறேன். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. இந்த எண்களை வைத்து ஒரு பட்டை வரைபடம் போடச் சொன்னால், வரைபடத்தைவிட அந்த இடைவெளியைப் பற்றித்தான் மாணவிகள் அதிகம் எழுதுகிறார்கள். சொந்த வாழ்க்கையைத் தொடுகிற தரவு கிடைத்தால் விடாதீர்கள். எந்த ஆண்டின் தரவு என்பதை மட்டும் திரையிலேயே எழுதிவையுங்கள்.

ஒப்படைப்பு (அசைன்மென்ட்) எழுதி ஏற்றுகிற இடத்தில் தளங்கள் மாணவர்களைப் படுத்துகிற பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கையால் எழுதிய பக்கங்களைப் படமெடுத்து, ஒரே கோப்பாகக் கோத்து, இத்தனை எம்பிக்குள் சுருக்கி ஏற்றச் சொல்கிறார்கள். இதைச் செய்யத் தெரியாமல் பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து ஏற்றுகிறவர்கள் ஏராளம். கடவுச்சொல் மறந்தால், பல ஆண்டுகளுக்கு முன் விட்டொழித்த எண்ணுக்கு ஓடிபி போகும். சேர்க்கையின்போதே எண்ணை மாற்றுவது எப்படி, ஒப்படைப்பை ஏற்றுவது எப்படி என்று தலா 2 நிமிடக் காணொளிகள் எடுத்து, பாடத்துக்கு முன்பாக வைத்தோம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், தாளின் மேல் கை நிழல் விழ வேண்டாம், பக்க எண்ணை மேலே பெரிதாக எழுதுங்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். புள்ளியியல் தெரிந்தும் ஏற்றத் தெரியாததால் ஒருவர் தோற்கக் கூடாது.

நேரலை வகுப்பை மாலை எட்டு மணிக்கு வைத்தால் திருப்பூரில் பாதிப் பேர் ஷிப்டில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை, அதுவும் எல்லாருக்கும் ஒத்துவராது. எனவே புதிய பாடம் எதையும் நேரலையில் நடத்துவதில்லை, ஐயம் தீர்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். வராதவர் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

ஸ்வயம் பாடங்களுக்கு நான்கு கூறுகள் வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள்: காணொளி, வாசிப்புப் பொருள், தன்மதிப்பீடு, விவாதக் களம். நல்ல பகுப்பு. மாநிலப் பல்கலைக்கழகங்களும் இதையே பின்பற்றுகின்றன. ஆனால் பணம், கவனம், விழா எல்லாம் முதல் கூறுக்குப் போய்விடுகிறது. நான்காவது கூறைத் திறந்து பார்த்தால், மாதக்கணக்கில் பதில் வராத கேள்விகள் வரிசையாக நிற்கும். திறந்த இணையப் படிப்புகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முடிக்காமலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது உலகம் முழுக்கத் தெரிந்த சங்கதி. பாடம் கடினம் என்பதால் நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓர் இடத்தில் சிக்கி, கேட்டு, பதில் வராமல், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மூடிவைத்து, அந்த அடுத்த வாரம் வராமலே போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான். கேள்வி வந்தால் மறுநாள் இரவுக்குள் ஒரு மனிதர் பதில் சொல்ல வேண்டும். முழுப் பதில் கைவசம் இல்லாவிட்டாலும், பார்த்துவிட்டேன், ஞாயிறு சொல்கிறேன் என்றாவது சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழு வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்தோம், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கேள்வி காணாமல் போய்விடும். அறிவிப்புக்கு ஒருவழித் தடம் ஒன்று, கேள்விக்குத் தளத்திலேயே பாடவாரியான இடம் ஒன்று. தமிழில் தட்டச்சு செய்யத் தயங்குகிறவர்கள் குரல்பதிவு அனுப்பலாம். தாளைப் படமெடுத்து அனுப்பினால், தவறிய வரியில் சிவப்பு வட்டம் போட்டு, ஒரு நிமிடக் குரல்பதிவோடு திருப்பி அனுப்புவோம். என்னைவிட வயதில் மூத்த மாணவிகள் பலர். "அம்மா, மூன்றாவது வரி வரைக்கும் அருமையாக வந்திருக்கிறது, இந்த மைனஸை மட்டும் பாருங்கள்" என்று குரலில் சொல்வது, ஒப்படைப்பின் ஓரத்தில் எழுதுகிற 'தவறு' என்ற சொல் செய்யாத வேலையைச் செய்கிறது. ஒரே இடத்தில் பலர் சிக்கினால் அங்கே ஒரு புதிய சிறு காணொளி பிறக்கும். கால்குலேட்டர் காணொளி பிறந்தது போல.

இதற்கு ஆள் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது தொலைநிலைக் கல்வியின் கணக்கு. 4 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். அதில் காணொளி பார்க்கிற நேரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. மிச்சமுள்ள நூறு மணி நேரத்துக்கு மேல் மாணவர் புத்தகத்தோடும் கணக்கோடும் தன் சந்தேகத்தோடும் தனியாக இருக்கிறார். நிதிநிலைத் திட்டம் போடும்போது அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஸ்டூடியோ, கேமரா, படத்தொகுப்பு என்று தாராளமாக ஒதுக்குகிறார்கள். நூறு மணி நேரத்துக்குக் கூட இருக்க வேண்டிய பயிற்றுநருக்கு ஊதியம் கேட்டால், விவாதக் களம்தான் தளத்திலேயே இருக்கிறதே என்று பதில் வருகிறது. கேள்விக்குப் பதில் எழுதுகிற நேரம் ஆசிரியரின் வேலைநேரக் கணக்கிலும் சேருவதில்லை. இரண்டையும் ஒவ்வோர் ஆண்டும் எழுத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊதியம் வருகிறவரைக்கும் காத்திருக்க முடியாது என்பதால், இந்தப் பாடத்தை முடித்துத் தேறிய பழைய மாணவர்களில் விருப்பமுள்ளவர்களை அழைத்தோம். ஒருவருக்கு இருபது முப்பது பேர் என்று பிரித்துக் கொடுத்தோம். முதல் மாதம் அவர்கள் எழுதுகிற பதில்களை நான் பார்த்துவிட்டு அனுப்பினேன், பிறகு தேவைப்படவில்லை. கணக்கு எங்கே சிக்கும் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது, அதே இடத்தில் அவர்களும் நின்றவர்கள்தானே. மதிப்பூதியம் சிறியதுதான், ஒப்படைப்பு திருத்துவதற்கான செலவுத் தலைப்பிலிருந்து கிடைக்கிறது. உங்கள் துறையில் கேமராவுக்குக் கோப்பு எழுதுகிறீர்கள் என்றால், அதே கோப்பில் இந்த மதிப்பூதியத்துக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் கிடைப்பது கடினம்.